நானே ஒட்டி மறைத்த கவிதை

உங்கள் மூன்று பேர் மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கைபேசிக்காக எழுதுகிறீர்கள். காலையில் ஒரு சொல், அதன் வேர், அதன் சொந்தக்காரச் சொற்கள், கீழே நான்கு வரிக் கவிதை. தப்பு இருந்தால் எட்டு மணிக்கு ஒருவர் சொல்கிறார், எட்டே காலுக்குத் திருத்திவிடுகிறீர்கள். நான் இதே வேலையைச் சுவரில் மாட்டும் தினசரிக் காலண்டருக்குச் செய்தேன். செப்டம்பரில் எழுதிக் கொடுத்தது ஜனவரியில் சுவரேறும். அதற்குப் பிறகு அதில் என்ன அபத்தம் இருந்தாலும், அதன் தேதி வரும்வரை யாரும் கிழிக்க மாட்டார்கள். அது பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று சின்ன முதலாளி கேட்டுக்கொண்டார். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் கெட்ட வார்த்தைகள். அதாவது நான் கெடுத்த வார்த்தைகள்.

எனக்கு இந்த வேலை கிடைத்ததே ஒரு தப்பினால்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கவே நான் இருபது வயதில்தான் கற்றுக்கொண்டேன். அச்சகத்தில் மலையாள நோட்டீஸ்களுக்குப் பிழை திருத்தச் சேர்ந்தேன். பெரிய முதலாளி குஜராத்திக்காரர். எர்ணாகுளத்தில் தமிழ்க் கடைகள் பெருகுவதைப் பார்த்து ஒரு தமிழ்க் காலண்டர் போட முடிவு செய்திருந்தார். அதற்கு எழுத ஏற்பாடு செய்திருந்த புலவர் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தமிழ் தெரியுமா என்று கேட்டார். வீட்டில் பேசுகிறேன் என்கிற அர்த்தத்தில் தெரியும் என்றேன். கவிதை எழுதத் தெரியும் என்கிற அர்த்தத்தில் அவர் எடுத்துக்கொண்டார்.

சொல்லின் வேரைப் பற்றிக் கவிதை எழுதுவது என் யோசனை. பெரிய ஆராய்ச்சி எண்ணம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் அகராதியில் பார்த்துத்தான் எனக்கு எழுதவே முடிந்தது. எப்படியும் பார்க்கிறோமே, பார்த்ததையே கவிதையாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வருஷம் நிலவைப் பற்றி ஒன்று எழுதினேன். சொல், மதி. மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். சாதம் போடும்போது கையை நீட்டி, மதி, மதி என்போம். அந்த அர்த்தத்தை வைத்து, ‘மதி என்றாலும் நிற்காமல் ஒளி ஊற்றும் மதி’ என்று எழுதிவிட்டு இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். அந்தத் தேதி வந்தது. வைட்டிலாவில் ஓட்டல் வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் போன் செய்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்ததாம். ‘நிலா என்றாலும் நிற்காமல் ஒளி ஊற்றும் நிலா’ என்றால் என்ன அர்த்தம், நிலாவை வேறு என்ன என்று சொன்னால் நிற்கும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அச்சுப்பிழை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிழை திருத்துபவளும் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இரண்டு மொழி நம் காதுக்குள் இருப்பது நமக்கு வசதி. படிப்பவர் காதில் எத்தனை மொழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் மூவரில் இரண்டு பேர் என்னைப் போலத்தான், மலையாளத்தில் படித்து வளர்ந்தவர்கள். அதனால் சொல்கிறேன்.

ஆனால் இதெல்லாம் சின்னத் தப்பு. பெரிய தப்பைச் செய்ய எனக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம் தேவைப்பட்டது.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு செப்டம்பர் மாதம். அடுத்த வருஷத்துக் காலண்டரில் ஏப்ரல், மே மாதத் தாள்கள் மட்டும் பாக்கி. வைட்டிலாவிலிருந்து மட்டாஞ்சேரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒருவர் ஒரு பெரிய துணிமூட்டையோடு ஏறினார். பார்த்தாலே தெரிந்தது, ஊரிலிருந்து வேலைக்கு வந்த நம் ஆள். மூட்டை வழியை அடைத்தது. கண்டக்டர், “பாண்டி, அங்கோட்டு நீங்கி நில்லு” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

பாண்டி என்றால் பாண்டிய நாட்டுக்காரர், அதாவது மலைக்குக் கிழக்கே இருந்து வந்தவர். அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இந்த ஊரில் அதைச் சொல்லும் விதத்தில் அழுக்கு, முரட்டுத்தனம், விவரமின்மை எல்லாம் சேர்ந்து வந்துவிடும். அந்த மனிதர் நகர்ந்து நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு நிற்காமல், டிக்கெட் வாங்கும்போது வழக்கத்தைவிடச் சுத்தமான மலையாளத்தில் பேசினேன். அதைப் பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

இறங்கி அச்சகத்துக்கு நடந்த வழியில் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. சுக்கும் மிளகும் வைக்கும் இடம். மலையாளத்தில் கிடங்குக்குப் பாண்டிகசாலை என்று ஒரு பேர் உண்டு. வாசலில் பலகையில் எழுதியிருக்கும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தபோது அது இரண்டாக உடைந்தது. பாண்டி. சாலை. இருந்த எரிச்சலுக்கு மருந்து போட்டதுபோல இருந்தது. அச்சகத்தில் போய் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எழுதினேன்.

பாண்டி என்று சிரிப்பவரே,
பலகையை நிமிர்ந்து பாரும்.
பாண்டிகசாலைக்குள் போகும்போதெல்லாம்
எங்கள் பேரைச் சொல்லித்தான் போகிறீர்.

மேலே வேர் என்று, ‘பாண்டி + சாலை. பாண்டி நாட்டார் சுமந்து நிறைத்த சாலை’ என்று போட்டேன். நடுவில் ஒரு ‘க’ இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று என்னிடம் விளக்கம் இல்லை. கண்டுகொள்ளாமல் விட்டேன். அகராதி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தால் கவிதை போய்விடும் என்று உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. பொருத்தமாக மே முதல் தேதி, தொழிலாளர் தினத்துத் தாளில் அதை வைத்தேன். அந்த வருஷம் நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த கவிதை அதுதான். ஒரு வேர் உங்களுக்கு மிகவும் பிடித்துப்போனால் அன்றைக்குக் கட்டாயம் அகராதியைத் திறவுங்கள். பிடிக்காத வேர்களில் நான் ஒரு நாளும் தப்புச் செய்ததில்லை.

ஜனவரியில் காலண்டர்கள் சுவரேறிவிட்டன. பிப்ரவரி கடைசியில் ஒரு மலையாளக் கையேடு அச்சுக்கு வந்தது. ஒரு பழைய கிடங்கை ஓவியக் கண்காட்சிக் கூடமாக மாற்றியிருந்தார்கள், அதைப் பற்றியது. பண்டகசாலை என்ற சொல்தான் பாண்டிகசாலை ஆயிற்று என்று அதில் ஒரு வரி. நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ‘தவறு, பாண்டி + சாலை’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

எழுதியவர் நேரிலேயே வந்தார். ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியை. பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என் வட்டத்தைக் காட்டினார். குரலை உயர்த்தவில்லை.

“அந்தக் ‘க’ எவிடெந்நு வந்நு?” எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார்.

அகராதியை எடுத்தேன். பண்டம் என்றால் சரக்கு. சரக்கு வைக்கும் இடம் பண்டகசாலை. பேச்சில் புரண்டு புரண்டு பாண்டிகசாலை. ‘க’ முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. நான் பக்கத்தை மூடுவதற்குள் அவர், சாயா ஆறுகிறது, குடியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையேட்டின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். என்னை அவமானப்படுத்த அவருக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. தப்பைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், அவரிடம் நான் கற்றது அது ஒன்றுதான். ஆனால் அதைக் கற்க எனக்கு இன்னும் ஆறு வாரம் ஆயிற்று.

ஏனென்றால் அந்த ஆறு வாரமும் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காலண்டரில் கவிதையை யார் படிக்கிறார்கள் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. எல்லாரும் பார்ப்பது ராகுகாலம். கவிதை அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். என் கவிதைகளைப் படித்தவர்களைவிட அவற்றில் விபூதி மடித்தவர்கள் அதிகம்.

விஷு முடிந்து இரண்டு நாள் கழித்து முருகேசன் அச்சகத்துக்கு வந்தார். கம்பத்துக்காரர். கொச்சங்காடியில் வெங்காய லாரிகளில் மூட்டை இறக்குபவர். கூடவே மகள் சுகன்யா, ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டு லீவில் இருந்தாள். மே தினத்துக்குக் கொச்சங்காடித் தமிழ்த் தொழிலாளர்கள் ஒரு சின்ன ஹாலில் கூட்டம் போடுகிறார்களாம். அதற்குத் துணி பேனர் வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு கவிதையைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். சுகன்யா அதை மேடையில் சொல்லுவாள். எந்தக் கவிதை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஊர்த் திருவிழாவுக்குப் போக நல்ல நாள் பார்க்க முருகேசன் ஜனவரியிலேயே தாள்களைப் புரட்டியிருக்கிறார். மே முதல் தேதியில் நின்றுவிட்டார். சுகன்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. அப்பா படிக்கப் படிக்க அவள் அதை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் அவளைப் பாண்டி என்று கூப்பிடும் கூட்டம் ஒன்று இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் அவள் எழுந்து நின்று, பாண்டிகசாலை யார் பேரில் வந்தது தெரியுமா என்று கேட்டு, கவிதையைச் சொல்லி, வேரையும் விளக்கியிருக்கிறாள். வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது. சயன்ஸ் எடுக்கும் கிளாஸ் டீச்சர் கைதட்டியிருக்கிறார். அந்த டீச்சரையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள்.

“அதுக்கப்புறம் ஒருத்தனும் அப்படிக் கூப்பிடலக்கா” என்றார் முருகேசன்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஆர்டர் புத்தகத்தை எடுத்து அளவு எழுதினேன். எட்டடி, நாலடி. எழுத்து சிவப்பா கறுப்பா என்றுகூடக் கேட்டேன்.

அவர்கள் போன பிறகு பெரிய முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, காலண்டர்த் தாள் கிழிக்கும்வரைதான் காலண்டர், கிழித்த பிறகு வெறும் காகிதம், மே இரண்டாம் தேதி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அது காகிதத்தில் மட்டும் இல்லையே. அந்தப் பெண்ணின் வாயில் இருக்கிறது. கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து அந்தக் ‘க’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் தெரியாமல் மைக்கின் முன்னால் நிற்கப்போவது நான் இல்லை. யாரும் கேட்காவிட்டாலும் ஜூனில் பள்ளி திறக்கும். என்றைக்காவது ஒரு நாள் ஒருவன் அகராதி பார்ப்பான்.

அடுத்த மூன்று நாள் நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முதல் நாள், நான் சொன்னது சரிதான் என்று நிரூபிக்க நூலகத்தில் அகராதி அகராதியாகத் தேடினேன். ஒன்றும் எனக்குச் சாதகமாக இல்லை. இரண்டாம் நாள் முருகேசனுக்குப் போன் செய்து, அந்தக் கவிதை பேனருக்கு நீளம் போதாது, உழைப்பைப் பற்றி இதைவிட நல்லதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம்கா, இதுவே போதும் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அந்த நல்ல கவிதையை எழுதியே பார்த்தேன். அதில் வியர்வை மூன்று இடத்தில் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் கொச்சங்காடிக்கு நடந்தேன்.

பத்தரை மணி. லாரி பாதி இறங்கியிருந்தது. முருகேசன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, கிடங்கு வாசலில் மற்றவர்களோடு சாயா குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பேனர் ரெடியாகிவிட்டதா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

“முருகேசா, ஒரு காரியம் சொல்லணும். அந்தக் கவிதை தெத்து” என்றேன்.

எழுத்துப் பிழையா என்று கேட்டார். இல்லை, வேரே தப்பு என்று சொல்லி, பண்டம், பண்டகசாலை எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து லாரிப் பக்கம் போனார்கள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“ரெண்டு மாசம் ஆகப்போறது.”

“அன்னிக்கு நாங்க வந்தப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

அவர் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்கிட்டச் சொல்லிட்டீங்க, சரி. புள்ளகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போனார்.

அவர்கள் வீடு பின்பக்கச் சந்தில் ஒரே அறை. சுவரில் எங்கள் காலண்டர். சுகன்யா வாசல்படியில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் அழவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

“கிளாஸ்ல எல்லாருகிட்டயும் பறஞ்சுட்டேன் ஆன்ட்டி. இனி நான் எப்படிப் போயி நிக்க?”

வழக்கமான பெரிய மனுஷத்தனத்தில், உண்மை தெரிவது நல்லதுதானே என்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. எழுந்து போய்க் காலண்டரில் மே முதல் தேதியைப் புரட்டிக் காட்டினாள்.

“இதுல இப்பவும் அப்படித்தானே இருக்கு. எனக்குப் பரீட்சையில தெத்துனா பத்துத் தடவ திருத்தி எழுதணும். உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?”

தினசரிக் காலண்டரில் திருத்தம் போட வழி இல்லை என்று விளக்கினேன். அவள், பஸ்ஸில் சீட் நம்பரைத் திருத்த ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன் என்றாள்.

முதலாளி முதலில் மறுத்தார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒரு தாளில் ஒட்டினால் மற்ற தாளில் எல்லாம் என்ன தப்பு என்று ஜனங்கள் யோசிப்பார்கள், ராகுகாலத்தையே சந்தேகப்படுவார்கள் என்றார். கடைசியில், வெட்டி மிஞ்சின காகிதத்தில் அடித்துக்கொள், தப்பு உன்னுடையது என்று தெளிவாகப் போடு, அச்சகம் பேர் எங்கும் வரக் கூடாது என்ற நிபந்தனையில் சம்மதித்தார்.

ஒட்டுத்தாளுக்குப் புதுக் கவிதை எழுத வேண்டும். பண்டம், தின்பண்டம், பண்டமாற்று, பண்டாரம் என்று உறவுச் சொற்களை வரிசையாக எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். பண்டு என்றால் முற்காலம். பண்டு வந்த பண்டம் என்று வரி தானாகவே ஓடி வந்தது. பண்டுக்கும் பண்டத்துக்கும் ஒரு சொந்தமும் இல்லை, காதுக்குத்தான் அப்படி. இரண்டு மாதம் முன்பு சூடுபட்ட அதே கை மறுபடியும் அதே அடுப்புக்கு நீண்டது. எழுதியதை அடித்தேன். பிறகு பண்டகசாலையின் வாசனை, இஞ்சி, மிளகு என்று ஒன்று எழுதிச் சுகன்யாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முழுதும் கேட்டாள்.

“இதுல ஆளே இல்லையே. மூட்டை தானா நடந்து உள்ள போச்சா?”

முப்பது வருஷத்தில் என் கவிதைக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் அது. மறுபடி எழுதினேன்.

பண்டம் வைத்த இடம் பண்டகசாலை.
வாய் மாறி வாய் மாறிப் பாண்டிகசாலை.
பண்டத்துக்குப் பேர் உண்டு, இடத்துக்குப் பேர் உண்டு.
தூக்கி வைத்தவருக்கு?

அதற்குக் கீழே, ‘இந்தத் தாளில் முன்பு அச்சான வேர் தவறு. தவறு எழுதியவளுடையது’ என்று போட்டேன்.

ஏப்ரல் கடைசி வாரம் நானும் அவளும் ஒரு பசைப் பாட்டிலோடு கொச்சங்காடியில் கடை கடையாக ஏறினோம். தங்கள் கவிதையைப் படிக்கச் சொல்லிக் கெஞ்சி அலையும் கவிஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறைக்கச் சொல்லி அலைந்தவளை இப்போது பார்க்கிறீர்கள். பாதிக் கடைகளில் அப்படி ஒரு கவிதை இருப்பதே தெரியாது. தப்பு இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் முதல் தடவையாகப் படித்தார்கள். ஒரு சாயாக்கடையில் காலண்டர் பிப்ரவரி ஒன்பதிலேயே நின்றிருந்தது. பூக்கடை வைத்திருந்த ஒரு தேனிக்காரர் மட்டும் ஒட்டவிடவில்லை.

“தப்போ சரியோ, இதப் படிச்ச அன்னிக்கு எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. இது இப்படியே இருக்கட்டும்மா” என்றார்.

நான் பசையை மூடிவிட்டேன். சுகன்யாவுக்குக் கோபம். எல்லாருக்கும் ஒரே நியாயம்தானே என்றாள். அவர் பூ எடுக்கத் திரும்பியபோது பென்சிலால் அந்தத் தாளின் மூலையில் மலையாளத்தில் ‘தெற்று’ என்று எழுதிவிட்டு வந்தாள். இருவரில் யார் செய்தது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இடப்பள்ளி, வைட்டிலா பக்கத்து ஓட்டல்களுக்கு நான் போகவில்லை. போக முடியவில்லை என்று சொல்லலாம். போகவில்லை என்பதுதான் சரி. அங்கெல்லாம் மே முதல் தேதி முழுக்க என் பொய் சுவரில் தொங்கியது.

கூட்டத்துக்கு ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பேனரில் கவிதை வேண்டாம் என்று முருகேசன் சொல்லிவிட்டதால் ‘மே தின வாழ்த்துகள்’ என்று மட்டும் இருந்தது. கிளாஸ் டீச்சர் முன்வரிசையில். நான் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். முருகேசன் பார்த்தார், தலையை அசைத்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சுகன்யா மேடையேறினாள். முதலில் பழைய கவிதையை முழுதும் சொன்னாள். கைதட்டினார்கள். கை ஓயும்வரை நின்றாள்.

“இது தெத்து” என்றாள்.

டீச்சரைப் பார்த்து, கிளாஸில் நான் சொன்னதும் தெத்துதான் டீச்சர் என்றாள். ‘க’வைப் பற்றிச் சொன்னாள். பண்டத்தைப் பற்றிச் சொன்னாள். எழுதிய ஆன்ட்டி வீட்டுக்கு வந்து சொன்னதையும் சொன்னாள். நான் கதவைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். பிறகு புதுக் கவிதையின் நான்கு வரிகளைச் சொல்லி, ‘தூக்கி வைத்தவருக்கு?’ என்ற இடத்தில் நிறுத்தினாள். நான் எழுதியது அதோடு முடிந்தது. அவள் நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அப்படி ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தெரியாது.

“முருகேசன்” என்று படித்தாள். “செல்லத்துரை. ராசு. காமாட்சி.”

கொச்சங்காடிக் கிடங்குகளில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பேராகப் படித்துக்கொண்டே போனாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பேர் வரும்போது அந்தந்த ஆட்கள் நிமிர்ந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பத்துப் பதினைந்து பேர் ஆன பிறகு, “பாண்டி” என்று படித்தாள்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒல்லியாக ஒருவர் பாதி எழுந்து, “இருக்கேன்மா” என்றார்.

ஹால் முழுக்கச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பாண்டிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சுகன்யா அடுத்த பேருக்குப் போனாள்.

கூட்டம் முடிந்து சாயா கொடுத்தபோது அந்தப் பாண்டி என்னைத் தேடி வந்தார். நான்தான் காலண்டரில் சொல்லுக்கு அர்த்தம் எழுதுபவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பேருக்கு வேர் என்ன என்று கேட்டார். என்னிடம் உடனே இரண்டு மூன்று பதில் இருந்தது, எல்லாமே அழகான பதில். வாயைத் திறந்தேன், மூடினேன். தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் பார்த்தேன். காளை என்று ஒரு பொருள் இருக்கிறது. பழமை என்கிறார்கள் சிலர், வேறு ஏதோ என்கிறார்கள் சிலர். படித்தவர்களே ஒத்துக்கொள்ளவில்லை. கொச்சங்காடிக்குப் போய், லாரிப் பக்கத்தில் அவரைக் கண்டுபிடித்து, உறுதியாக யாருக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

அவர் மூட்டையைத் தோளில் சரி செய்துகொண்டார்.

“பரவால்லக்கா. எங்கம்மா வெச்ச பேரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.